பொம்பளைங்க வெயிட் தூக்கலாமா? ஒரு கையெழுத்துக்குப் பின்னால இருக்கிற வரலாறு

1/
போன வாரம் ஓபியில ஒரு கையெழுத்து கேட்டாங்க. போடுறதுக்கு அரை நிமிஷம்தான் ஆகும். ஆனா அந்த மாதிரி ஒரு கையெழுத்தைப் போட எங்க டாக்டர் கூட்டம் நூறு வருஷத்துக்கு மேல தயங்கியிருக்கு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து பொறுமையா படிங்க.

2/
நான் வேலை பார்க்கிறது மரக்காணம் கரையோரம் ஒரு அரசு மருத்துவமனையில. கிழக்குக் கடற்கரைச் சாலையில பாண்டிச்சேரி போனவங்க பார்த்திருப்பீங்க, ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல் நிக்கும். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து தமிழ்நாட்டுல பேர் சொல்ற உப்பளம் இதுதான். மழை விட்டு தை, மாசியில வேலை ஆரம்பிச்சா அடுத்த பருவமழை வரைக்கும் ஓடும். எங்க ஓபியும் அந்தக் கணக்குப்படிதான் நிரம்பும். பாதவெடிப்பு, கண் எரிச்சல், இடுப்புவலி, மூட்டுவலி.

3/
அன்னைக்கு வந்தது ஒரு அம்மாவும் மகளும். (அடையாளம் தெரியாத மாதிரி சில விவரத்தை மாத்தியிருக்கேன். எழுதலாமான்னு கேட்டதுக்கு "எழுதும்மா, நாலு பேரு தெரிஞ்சிக்கட்டும்"னு சொன்னாங்க.)

அம்மாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுக்குள்ள. உப்பளத்துல தலைச்சுமை வேலை. மகள் காலேஜ் முதல் வருஷம். மாவட்ட அளவுல நடக்கிற பெண்கள் பளுதூக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கா. உடல்தகுதிச் சான்றிதழ் வேணும். அதுக்குத்தான் கையெழுத்து.

4/
பொண்ணைப் பரிசோதிச்சேன். பிபி, இதயம், ஹீமோகுளோபின் எல்லாம் நல்லா இருக்கு. பேனாவை எடுத்தப்ப அம்மா குறுக்க கேட்டாங்க:

"டாக்டரம்மா, பொட்டப்புள்ள வெயிட்டு தூக்குனா கர்ப்பப்பை எறங்கிடும்னு சொல்றாங்களே? நாளைக்குக் கல்யாணம் கட்டிக்குடுக்கணும். நீங்களே சொல்லுங்க."

மகள் உடனே போனை நீட்டினா. "மேடம், இதைப் பாருங்க. இவங்க எல்லாம் தூக்கலையா?"

5/
அது பொங்கலுக்கு எல்லார் போனுக்கும் வர்ற வீடியோதான். திருநெல்வேலி மாவட்டம், பணகுடி பக்கத்துல வடலிவிளைன்னு ஒரு ஊர். அங்க வருஷா வருஷம் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குற போட்டி நடக்கும். 45 கிலோவுல ஆரம்பிச்சு 129 கிலோ வரைக்கும் உருண்டைக் கல் வரிசையா கிடக்கும். அந்தக் களத்துல இப்ப பெண்களும் இறங்குறாங்க. பெண்களுக்கு 55 கிலோ கல் வச்ச வருஷங்கள் உண்டு. உரல் தூக்குறதும் உண்டு.

6/
இளவட்டக்கல்லை எப்படித் தூக்குவாங்கன்னு தெரியாதவங்களுக்கு: குந்தி உட்கார்ந்து ரெண்டு கையாலயும் கல்லைக் கட்டிப்பிடிக்கணும். முதல்ல முழங்காலுக்கு ஏத்தணும். அங்கிருந்து நெஞ்சு. நெஞ்சுல இருந்து தோள். அப்புறம் பின்பக்கமா தரையில விழ விடணும். பார்பெல் மாதிரி பிடிமானம் எதுவும் கிடையாது, வழுவழுன்னு இருக்கும். முதுகு, இடுப்பு, தொடை, கை எல்லாம் சேர்ந்து வேலை செஞ்சாதான் கல் நகரும்.

7/
இதுக்கு இன்னொரு பேர் கல்யாணக்கல். கல்லைத் தூக்குறவனுக்குத்தான் பொண்ணுன்னு தென்மாவட்டத்துல சொல்லுவாங்க. அதாவது இது ஆம்பளைக்கு வச்ச பரீட்சை. பொண்ணு அதுல பரிசுப்பொருள் மாதிரி ஓரமா நிப்பா.

நம்ம ஊர்ல மட்டும் இல்ல. ஸ்காட்லாந்துல இதே மாதிரி கல்லுக்கு ஆண்மைக்கல்னு அர்த்தம் வர்ற பேரே உண்டு.

8/
ஐஸ்லாந்துல இன்னும் சுவாரசியம். ட்ரிட்விக்னு ஒரு மீன்பிடிக் கரை. அங்க நாலு கல் கிடக்கு: 23, 54, 100, 154 கிலோ. படகுல வேலை கேட்டு வர்றவன் கல்லைத் தூக்கிக் காட்டணும். குறைஞ்சபட்சம் 54 கிலோ கல்லைத் தூக்கினாதான் படகுல இடம். 23 கிலோவோட நின்னுட்டா கிளம்பிட வேண்டியதுதான்.

ஆக, கல் தூக்குறது உலகம் முழுக்க ஒரு நுழைவுச்சீட்டு. கல்யாணத்துக்கு, வேலைக்கு, மரியாதைக்கு. அந்தச் சீட்டு ஆம்பளை பேர்ல மட்டும்தான் கொடுத்தாங்க.

9/
சரி, நவீன போட்டிக்கு வருவோம். 1896ல ஏதென்ஸ்ல முதல் நவீன ஒலிம்பிக்ஸ். அதுலயே ஆண்கள் பளுதூக்குதல் இருந்துச்சு. பெண்கள் பளுதூக்குதல் ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்தது எப்போ தெரியுமா? 2000, சிட்னி. நடுவுல 104 வருஷம்.

இந்த 104 வருஷத்துல பெண்களுக்குப் பலம் இல்லாமலா இருந்துச்சு? 1900களோட ஆரம்பத்துல கேட் சாண்ட்வினான்னு ஒரு பெண் சர்க்கஸ்ல புருஷனையே தலைக்கு மேல தூக்கிக் காட்டிட்டு இருந்தாங்க. சர்க்கஸ்ல காசு கொடுத்துப் பார்க்கலாம். போட்டின்னு வந்தா மட்டும் கூடாது.

10/
ஏன் கூடாதுன்னாங்க? இங்கதான் எங்க ஆளுங்க வர்றாங்க. டாக்டர்கள்!

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவத்துல கர்ப்பப்பைங்கிறது ஏதோ கயித்துல கட்டித் தொங்கவிட்ட கண்ணாடிப் பாத்திரம் மாதிரி. சைக்கிள் ஓட்டினா ஆபத்து, குதிச்சா ஆபத்து, அதிகம் படிச்சாக்கூட ஆபத்துன்னு எழுதி வச்சாங்க. எந்த ஆதாரமும் கிடையாது. ஆனா டாக்டர் சொன்னா ஊர் நம்பும்ல?

11/
1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். பெண்களுக்கு முதல் முறையா 800 மீட்டர் ஓட்டம். ஜெர்மனியோட லீனா ராட்கே உலக சாதனையோட ஜெயிச்சாங்க. ஓடின ஒன்பது பேரும் ஓடி முடிச்சாங்க. முடிச்சதும் சிலர் களைப்புல கீழ சாஞ்சாங்க. ஆம்பளைங்களும் அப்படித்தான் சாய்வாங்க. ஆனா பத்திரிகையில "பாதி பேர் சுருண்டு விழுந்துட்டாங்க"ங்கிற தொனியில செய்தி. அந்தப் பந்தயத்தையே தூக்கிட்டாங்க. திரும்ப வந்தது 1960, ரோம். 32 வருஷம்!

12/
இதெல்லாம் அந்தக் காலம்னு நினைக்காதீங்க. 2005ல சர்வதேச பனிச்சறுக்கு கூட்டமைப்போட தலைவர், பனிச்சறுக்குத் தாண்டுதல் மருத்துவ ரீதியா பெண்களுக்கு ஏத்தது இல்லைங்கிற மாதிரி பேசினார். 1905 இல்லைங்க, 2005! பெண்களுக்கு அந்தப் போட்டி ஒலிம்பிக்ஸ்ல வந்தது 2014ல.

எங்க ஓபியில அந்த அம்மா கேட்ட கேள்வி எங்கிருந்து வந்துச்சுன்னு புரியுதா? அது கிராமத்து மூடநம்பிக்கை இல்ல. படிச்சவங்க, எங்க தொழில்காரங்க, கிளப்பிவிட்ட பயம்.

13/
கதவு எப்படித் திறந்துச்சு? பெண்களே முட்டித் திறந்தாங்க. 1940கள்ல அமெரிக்காவுல அபி ஸ்டாக்டன்னு ஒருத்தர் கலிஃபோர்னியா கடற்கரையில பயிற்சி பண்ணி, பெண்களுக்குன்னு முறையான பளுதூக்கும் போட்டி நடக்க வழி பண்ணாங்க. 1980ல பெண்களுக்கான முதல் உலக பவர்லிஃப்டிங் போட்டி. 1987ல ஃப்ளோரிடாவுல டேடோனா பீச்ல பெண்களுக்கான முதல் உலக பளுதூக்கும் போட்டி. வருஷா வருஷம் ஒரு போட்டி நடந்தாதான் ஒரு பொண்ணு "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்"னு பயிற்சி எடுப்பா. ஒரு தடவை வேடிக்கை காட்டிட்டுப் போறதுக்கும் வருஷாந்திரப் போட்டிக்கும் இதுதான் வித்தியாசம்.

14/
நம்ம ஆளுங்க சும்மா இல்ல. 1989ல மான்செஸ்டர்ல நடந்த உலகப் போட்டியில மணிப்பூரோட குஞ்சராணி தேவி மூணு வெள்ளி எடுத்தாங்க. 1994லயும் 1995லயும் ஆந்திராவோட கர்ணம் மல்லேஸ்வரி உலக சாம்பியன். அதே மல்லேஸ்வரி 2000ல சிட்னியில 69 கிலோ பிரிவுல 110 + 130 = 240 கிலோ தூக்கி வெண்கலம். ஒலிம்பிக் பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண். அந்த ஒலிம்பிக்ஸ்ல மொத்த இந்தியாவுக்கும் கிடைச்ச ஒரே பதக்கம் அதுதான். கதவைத் திறந்த முதல் தடவையே!

15/
அப்புறம் மீராபாய் சானு. டோக்கியோவுல 49 கிலோ பிரிவுல 202 கிலோ, வெள்ளி. சின்ன வயசுல மலையில விறகு சுமந்தவங்கன்னு எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. அண்ணன் தூக்க முடியாத கட்டை இவங்க தூக்கினாங்கன்னு பெருமையா எழுதினாங்க.

அந்தச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. விறகு சுமந்தப்ப யாரும் கர்ப்பப்பையைப் பத்திக் கவலைப்படலை.

16/
திரும்ப எங்க ஓபிக்கு வாங்க. அம்மாகிட்ட கேட்டேன். "நீங்க ஒரு கூடைக்கு எவ்ளோ சுமப்பீங்க அக்கா?"

"இருவத்தஞ்சு கிலோ இருக்கும். ஈர உப்புன்னா மேல."

"ஒரு நாளைக்கு எத்தனை நடை?"

"நூறுக்குக் கொறையாது."

மனக்கணக்கு போட்டுப் பாருங்க. 25 × 100 = 2,500 கிலோ. ரெண்டரை டன். தலையில சும்மாடு, காலுக்குக் கீழ வழுக்குற வரப்பு, மேல வெயில். ஒரே தூக்குல தூக்குறதையும் நாள் பூரா சுமக்குறதையும் நேரா ஒப்பிட முடியாதுதான். ஆனா மகள் தூக்கப் போறதைப் பத்திக் கவலைப்பட்டவங்க சுமக்குற கணக்கு இது.

17/
அடுத்து நான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசலை. மகளை வெளிய போகச் சொன்னாங்க. அப்புறம் மெதுவா, "எனக்கே அடி எறங்கியிருக்கு டாக்டரம்மா. எட்டு வருஷமாவுது."

எட்டு வருஷம். யார்கிட்டயும் சொல்லலை. துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டு நூறு நடை. கடைசிப் பிரசவம் முடிஞ்சு எத்தனை நாள்ல வேலைக்குப் போனீங்கன்னு கேட்டேன். "முப்பது நாளுகூட ஆவல. சீசன் ஆச்சே."

18/
இப்ப மருத்துவம் பேசுவோம். கர்ப்பப்பை இறங்குறதுக்குப் பெரிய காரணம் பிரசவம். இடுப்புக்கூட்டோட அடித்தளத் தசைகள் (தொட்டில் மாதிரி கர்ப்பப்பையைத் தாங்குறது) பிரசவத்துல நைஞ்சு போகும். அடுத்தடுத்த பிரசவம், மாதவிடாய் நிக்கிற வயசு, தீராத இருமல், மலச்சிக்கல் எல்லாம் சேரும். தசை ஆறுறதுக்கு முன்னாடி தினமும் பாரம் சுமந்தா நிலைமை மோசமாகும்.

பளுதூக்குற வீராங்கனைகளுக்கு ஒண்ணுமே வராதான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். முக்கித் தூக்கும்போது சிறுநீர் கசியுறது சிலருக்கு உண்டு. அதுக்குப் பயிற்சி இருக்கு, சிகிச்சை இருக்கு. தடை போடுற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

19/
பாரம் உடம்புக்கு எதிரி இல்ல. ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு. மாதவிடாய் நின்ன, எலும்பு அடர்த்தி குறைஞ்ச 101 பெண்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் 2 நாள், அரை மணி நேரம், 8 மாசம், மேற்பார்வையில நல்ல கனமான எடை தூக்கவச்சாங்க. முதுகெலும்போட அடர்த்தி அவங்களுக்குக் கூடுச்சு. லேசான உடற்பயிற்சி பண்ணவங்களுக்குக் குறைஞ்சுது.

2024ல கோயம்புத்தூர்ல ஒரு போட்டியில பொள்ளாச்சிப் பக்கத்து 82 வயசுப் பாட்டி சேலை கட்டிக்கிட்டு 50 கிலோ டெட்லிஃப்ட் பண்ண வீடியோ பார்த்தீங்கல்ல? அதுதான் விஷயம்.

20/
அப்போ மகளோட பாரத்துக்கும் அம்மாவோட பாரத்துக்கும் என்ன வித்தியாசம்?

மகள் 5 கிலோ, 10 கிலோன்னு படிப்படியா ஏத்துவா. மூச்சு எப்படிப் பிடிக்கணும், இடுப்பு எப்படி மடக்கணும்னு கத்துக்கொடுக்க ஆள் உண்டு. ஒரு தடவை தூக்கினா ஓய்வு. மறுநாள் லீவு. முட்டை, பால். வலிச்சா நிறுத்தலாம். உடம்பு பலமாகுறது தூக்குறப்ப இல்ல, ஓய்வெடுக்கிறப்ப.

அம்மாவுக்கு இதுல ஒண்ணுகூட இல்ல. வலிச்சா நிறுத்தினா அன்னைக்குக் கூலி போச்சு.

21/
இது உலகத்துக்குத் தெரியாத விஷயமும் இல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967லயே சுமை தூக்குறதுக்கு ஒரு உடன்படிக்கை போட்டுச்சு. கூடவே வந்த பரிந்துரையில ஒரு ஆம்பளைத் தொழிலாளி சுமக்குறதுக்கு 55 கிலோதான் உச்சம். பெண்ணுக்கு அதைவிட ரொம்பக் குறைவா இருக்கணும். கர்ப்பத்துலயும் பிரசவம் ஆகி 10 வாரம் வரைக்கும் டாக்டர் வேண்டாம்னா சுமை வேலையே தரக்கூடாதுன்னு இருக்கு. உடன்படிக்கையை இந்தியா 2010ல ஏத்துக்கிச்சு.

வடலிவிளையில பெண்கள் பரிசுக்குத் தூக்கின 55 கிலோவும் இந்த 55 கிலோவும் ஒரே எண். தற்செயல்தான்.

22/
நேபாளத்துல இது நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மலையில பாரம் சுமந்து, பிரசவம் ஆன கொஞ்ச நாள்லயே திரும்பச் சுமந்து, நிறையப் பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்குச்சு. 2008ல அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், இதைக் கவனிக்காம விடுறது பெண்களோட இனப்பெருக்க உரிமையை மீறுறதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. "பொம்பளை வியாதி"ன்னு மூடி மறைச்சது உரிமைப் பிரச்சினை ஆச்சு.

23/
இந்தக் கரையில உப்பு ரொம்பப் பழசு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்தான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. தெருவுல நெல்லுக்கு உப்பு மாத்துற உமணப் பெண்கள் சங்கப் பாட்டுல வருவாங்க. ரெண்டாயிரம் வருஷமா உப்பும் பெண்ணும் சேர்ந்தே இருக்காங்க.

அவங்க பலசாலின்னு நிரூபிக்க மேடை தேவைப்படலை. அவங்க எவ்ளோ சுமக்குறாங்கன்னு எடைபோட்டுச் சொல்ல, ஓய்வு கொடுக்க, டாக்டர் ஒருத்தர் பார்க்கத்தான் மேடை தேவைப்பட்டுச்சு.

24/
சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டேன். பொண்ணுக்கு ரெண்டு அறிவுரை: கோச் இல்லாம தனியா எடை ஏத்தாதே; மாதவிடாய் தள்ளிப்போனாலோ தலைசுத்தினாலோ உடனே வா.

அம்மாவை மகப்பேறு டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன். இப்போதைக்குக் கர்ப்பப்பையைத் தாங்க ஒரு வளையம் வச்சிருக்காங்க. சீசன் முடிஞ்சதும் ஆபரேஷன் பத்தி முடிவு பண்ணலாம்னு பேச்சு. அரசு மருத்துவமனையில இதுக்குச் செலவு இல்ல. "இதுக்கெல்லாம் வைத்தியம் இருக்கா?"ன்னு கேட்டாங்க. எட்டு வருஷத்துல அவங்க கேட்க ஆள் இல்லாத கேள்வி அது.

25/
அவங்க போனதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணு தோணிட்டே இருந்துச்சு. பொண்ணு ஒரு நாள், ஆறு தடவை எடை தூக்குறதுக்கு என் கையெழுத்து வேணும். அவ அம்மா இருபது வருஷம் உப்பு சுமந்ததுக்கு ஒரு தகுதிச் சான்றிதழை யாரும் கேட்டதே இல்ல.

26/
படிக்கிறவங்ககிட்ட ரெண்டே ரெண்டு விஷயம்.

உங்க வீட்டுப் பொண்ணு பளு தூக்கணும்னு கேட்டா பயப்படாம அனுப்புங்க. நல்ல கோச் இருக்காங்களான்னு மட்டும் பாருங்க.

உங்க வீட்டுலயோ பக்கத்துலயோ பாரம் சுமக்குற பெண் இருந்தா, பிரசவம் ஆகி எத்தனை நாள் ஆச்சு, அடி இறங்கின மாதிரி இருக்கான்னு வெட்கப்படாம கேளுங்க. இருந்தா ஓபிக்கு அனுப்புங்க. ஆரம்பத்துலன்னா உடற்பயிற்சியிலயே நிறைய சரியாகும்.

போட்டி அடுத்த மாசம். அம்மா அன்னைக்கு லீவு போட்டுட்டுப் பார்க்கப் போறாங்களாம். என்ன ஆச்சுன்னு இதே த்ரெட்ல சொல்றேன்.